வீட்டில்தானே இருக்கிறாய்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சாளுக்கு,

உன் கடிதம் போன கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா என்று படித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே எல்லாரும் சுகம். மழை நன்றாகப் பிடித்துவிட்டது. வாவி நிறைந்து எங்கள் ஒழுங்கைக் கடைசி வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கிறது. மூத்தவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சின்னவளுக்கு முன்பல் விழுந்ததால் யாரைக் கண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

கொழும்பு வேலையை விட்டுவிட்டுக் கல்முனைக்கே வந்து, வீட்டில் கேக் செய்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "உன்னைப் போல வீட்டையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்தானே" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குத்தான், வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுக்கிற நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை. உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் நிம்மதியும் கூடவே வந்துவிடும் என்று நம்பி வராதே.

முதலில் காசு. கணக்குப் பிரிவில் வேலை செய்கிற உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். உன் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும்போது முதலாளி 12 வீதம் போடுகிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அவரே இன்னும் 3 வீதம் போடுகிறார். வேலையை விட்ட மாதத்திலிருந்து அந்த 15 வீதத்தை உனக்கு யாரும் தரமாட்டார்கள். சேர்ந்திருக்கிற சேமலாப நிதியும் பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். ஆகவே கேக்குக்கு விலை போடும்போது மா, சீனி, முட்டை, மின்சாரம் என்று மட்டும் கூட்டாமல், அந்த 15 வீதத்தையும் உன் கூலிக்குள் சேர்த்துப் போடு. பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதிகிற அன்றே, சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தையும் விசாரி. என்னைப் போல சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்காகத்தான் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சபையை உண்டாக்கினார்கள். மாதம் சிறிது கட்டிவந்தால் 60 வயதுக்குப் பிறகு கையில் ஏதோ வரும்.

சரி, காசுக் கதை போகட்டும். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்ணை உண்மையில் களைக்கவைப்பது வேறு. "நீ வீட்டிலதானே இரிக்காய்?" இந்தக் கேள்வியை நீ ஒவ்வொரு நாளும் கேட்பாய். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, காஸ் சிலிண்டர் வந்தால் இறக்கி வைக்க, சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்கு முதல் நாளே போய் வெங்காயம் உரிக்க, எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் தேடுவார்கள். வங்கியில் வேலை செய்கிற மச்சினியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நான் தையல் மிசினில் இருந்தால் சும்மா இருக்கிற மாதிரித்தான் ஊருக்குத் தெரிகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அன்பிலேயே ஒரு பகல் முழுவதும் கரைந்துவிடும். பிறகு இரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொக்கி தைக்க வேண்டும்.

இதில் மனநிறைவு எங்கே இருக்கிறது என்று நானும் நிறைய யோசித்திருக்கிறேன். இருப்பதைக் கொண்டு சந்தோசமாக இரு என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். சாப்பாட்டிலும் உடுப்பிலும் அது நல்ல பழக்கம்தான். எனக்கு ஒரு சம்பலும் சொதியும் இருந்தால் போதும். ஆனால் அதே "போதும்" நம் கூலிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. லைனிங் வைத்த ஒரு பிளவுஸை எடுத்துக்கொள். லைனிங் துணியை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அயன் பண்ணி மினுக்கித்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்கும். இந்த மழையில் அது காய ஒரு நாள் போதாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை மணம் ஏறிவிடும், ஆகவே விறாந்தையில் போட்டு அடிக்கடி திருப்ப வேண்டும். வெட்டின பிறகு கைவட்டத்தில் இரண்டு துணியையும் சேர்த்து நூலோட்டி, சுருக்கம் விழாமல் மெதுவாக மிசினில் விட வேண்டும். தைக்கிற நேரம் மட்டும் மூன்று மணித்தியாலம் போகும். எடுக்க வருகிறவரோ, "ஒரு பிளவுஸுக்கு இவ்வளவா? வீட்டில இருந்துதானே தைக்காய்" என்பார். கடைக்கு வாடகை இல்லை என்பதற்காக என் கைக்கும் கூலி இல்லையா? இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குறைந்த விலைக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் திருப்தி என்று பெயர் வைக்க என்னால் முடியாது. நீயும் வைக்காதே.

வீட்டு வேலையைப் பற்றிக் கேட்டாய் அல்லவா. எங்கள் வீட்டில் காலநிலையே வேலையைப் பங்கு போட்டுத் தந்திருக்கிறது. அவருடைய மேசன் வேலை மழைக்கு நின்றுவிடும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எப்போதாவதுதான் அழைப்பு வரும். எனக்கோ தீபாவளி, நத்தார், பொங்கல், பள்ளிச் சீருடை என்று அந்த மாதங்களில்தான் தலைக்கு மேல் வேலை. ஆகவே மழைக்காலத்தில் அடுப்படி அவருடையது. "பெண்சாதி மிசினில, புருசன் குசினியில" என்று ஒழுங்கையில் பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விடியவே எழும்பித் திருவலையில் தேங்காய் துருவி, பிட்டுக்கு மாவைக் குழைப்பார். கட்டி விழாமல் விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துத் தண்ணீர் தெளிப்பார். காலம் முழுக்க சாந்து குழைத்த கை, எவ்வளவு தண்ணீர் என்று அதற்குத் தெரிகிறது. அந்தப் பிட்டு என்னுடையதை விட மிருது. மகன் கிணற்றடியில் பாத்திரம் கழுவுவான், மீனும் வெட்டுவான். ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று மாமி கேட்டா. சாப்பிடுகிற பிள்ளைதானே மாமி என்றேன், அவ்வளவுதான்.

உன் அவர் கல்முனையில் என்ன வேலை பார்ப்பார், எந்த மாதங்களில் அவர் கை ஓயும் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வந்த பிறகு பேசினால் எல்லா வேலையும் பழக்கத்தில் உன் தலையில் விழுந்துவிடும்.

மருதமுனையில் கைத்தறி நெய்கிற ராத்தா ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? விறாந்தையில்தான் தறி. பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் தறியை விட்டு எழும்பிவிடுவா. பெருநாள் ஓடர் குவிந்து கிடந்தாலும் அப்படித்தான். அவவைப் பார்த்துத்தான் நானும் விளக்கு வைத்த பிறகு துணி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று வைத்தேன். இரண்டு மூன்று பேர் முகம் சுளித்து வேறு இடம் தேடிப் போனார்கள். போகட்டும். அந்த நேரத்தில் சின்னவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதை சொல்வாள். எந்த ஓடருக்காகவும் அதை நான் விடமாட்டேன்.

இன்னொன்று. பெரிய அவணை (ஓவன்) வாங்கக் கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் எடுக்காதே. கடன் வசூலிக்க வருகிற நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளிகிற பெண்களை எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். சீட்டுப் போட்டு, கிடைக்கிற காசுக்கு ஏற்றதை வாங்கு. காஸை மட்டும் நம்பியும் இராதே, மின்சாரத்தை மட்டும் நம்பியும் இராதே. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது மோட்டரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத்தான் நான் ஓடர் முடித்தேன். உனக்கும் அப்படி ஒரு மாற்று வழி இருக்க வேண்டும்.

யோசித்து எழுது. தை நடுவில் வந்தால் சீருடை வேலை முடிந்திருக்கும், இரண்டு நாள் என்னோடு நின்றுவிட்டுக் கல்முனைக்குப் போகலாம். வரும்போது புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் போனால் 14 ஆம் இலக்க மிசின் ஊசி ஒரு பெட்டியும் வெள்ளைக் கொக்கியும் வாங்கி வா. காசை இங்கே தருகிறேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் கல்லடிக் கூட்டாளி