பந்தை எறிந்தவர் ஒருவர், தூக்கில் தொங்கியவர்கள் நாங்கள்: கேம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களை நடத்தும் கேம் மாஸ்டர்களுக்கு, வணக்கம்.

மறைப்பு அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எங்களுக்காக ஓர் உலகத்தையே சுமக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

ஆட்டக்காரர் ஒருவர் முன்பின் யோசிக்காமல் ஏதாவது செய்துவைத்தால் உங்களில் பலர் உடனே நீதிபதி நாற்காலிக்கு மாறிவிடுகிறீர்கள். “செயலுக்கு விளைவு உண்டு” என்கிறீர்கள். உண்டுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் விளைவு என்ற பெயரில் மேசைக்கு வருவது பல நேரங்களில் உங்கள் கோபம். அதுவும் தப்பு செய்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் தலையில் இறங்குகிறது.

நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். எங்கள் கதாபாத்திரங்கள் ஐந்தாம் நிலையை அப்போதுதான் எட்டியிருந்தன. கொள்ளைக்காரர்கள் எட்டுக் கிராமவாசிகளை ஒரு தானியக் கிடங்கில் அடைத்து வைத்திருந்தார்கள். என் கதாபாத்திரமான கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி, ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கொள்ளைத் தலைவனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. வாசலில் நின்ற மந்திரவாதியை ஆடிய நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. “ஃபயர்பால் போடுகிறேன்” என்றார். எறிந்த இடத்தில் வெடிக்கும் நெருப்புப் பந்து மந்திரம் அது. கேம் மாஸ்டர் புருவத்தை உயர்த்தி, “நிச்சயமாகவா?” என்று கேட்டார். “நிச்சயமாக.” எட்டு ஆறுமுகப் பகடைகள் மேசையில் உருண்டன.

கைதிகள் எட்டுப் பேரும் இறந்தார்கள். என் கிளெரிக் நினைவிழந்து விழுந்தார். அடுத்த கணமே, அதுவரை யாருடைய வாயிலும் அடிபடாத அரசக் குதிரைப்படை ஒன்று கிடங்கைச் சூழ்ந்தது. மந்திரவாதி, நொடியில் இடம்மாற்றும் மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தைப் போட்டு இருட்டுக்குள் மறைந்துவிட்டார். எஞ்சிய எங்களைத் தூக்கில் போட்டார்கள். மாதக்கணக்கில் வளர்ந்த கதை அத்துடன் முடிந்தது. கேம் மாஸ்டர் விதிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்த ‘செயலுக்கு விளைவு’ வாசகத்தைச் சொன்னார்.

முதலில் அந்த “நிச்சயமாகவா?” பற்றிப் பேச வேண்டும். உங்கள் எல்லோருக்கும் பிடித்த கேள்வி அது. அதில் மிரட்டல் இருக்கிறது, தகவல் ஒன்றுகூட இல்லை. கேட்டவுடன் ஆட்டக்காரர் வீறாப்பாக “ஆமாம்” என்பார். இல்லாவிட்டால் பயந்து பின்வாங்குவார், எதற்குப் பயந்தோம் என்பது அவருக்கே தெரியாது.

அந்தக் கிடங்கின் கணக்கைப் பாருங்கள். முப்பது அடி நீளம், இருபது அடி அகலம். ஃபயர்பால் இருபது அடி ஆரத்துக்கு வெடிக்கும். அறையின் நடுவில் வெடித்தால் ஒரு மூலைகூட மிஞ்சாது. எட்டுப் பகடையிலும் ஒன்றே விழுந்தாலும் சேதம் 8. விலகித் தப்பியவருக்குப் பாதி, அதாவது 4. விதிப் புத்தகத்தில் சாதாரணக் கிராமவாசி ஒருவருக்கு இருக்கும் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, எத்தனை? அதுவும் 4. ஆக, பகடை எப்படி விழுந்தாலும் எட்டுப் பேரும் செத்தார்கள் என்பது பந்தை எறிவதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். போதாததற்கு, யார் கையிலும் உடலிலும் இல்லாத, பற்றக்கூடிய பொருள் எல்லாவற்றையும் அந்த மந்திரம் கொளுத்திவிடும். தானியக் கிடங்கில் வேறென்ன இருக்கும்?

இந்த மந்திரத்தை வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்ற மந்திரவாதிக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? மேசையில் இருந்த என் நண்பருக்குத்தான் தெரியவில்லை. அவர் மனதில் பெரிய கூடம் ஒன்று இருந்தது, கைதிகள் அதன் ஒரு கோடியில் இருந்தார்கள், கொள்ளைக்காரர்கள் மறுகோடியில். ஆட்டம் முடிந்தபின்தான் இதைச் சொன்னார். நீங்கள் முட்டாள்தனம் என்று நினைப்பதில் பெரும்பகுதி இப்படி இரண்டு தலைகளில் இரண்டு படம் ஓடுவதால் வருவது. ஆட்டக்காரருக்கு உங்கள் வர்ணனையைத் தவிர வேறு கண் கிடையாது.

எனவே கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள். “அறை சிறியது. எங்கே எறிந்தாலும் கைதிகள் பலர் எரிவார்கள், கிளெரிக்கும் எரிவார். இது உன் மந்திரவாதிக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் எறிகிறாயா?” பத்து விநாடி வேலை. இதற்குப் பிறகும் எறிந்தால் அது முழுக்க அவருடைய முடிவு, அதற்கான விலையை நீங்கள் தயங்காமல் வாங்கலாம். 2017இல் வெளிவந்த ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ என்ற ஆட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, படுமோசமா என்று நடத்துபவர் சொல்லிவிட வேண்டும். படுமோசமான நிலையில் துணிந்து பகடை உருட்டுபவருக்கு அனுபவப் புள்ளியும் உண்டு. துணிச்சலைத் தண்டிக்க வேண்டும் என்று அந்த ஆட்டத்துக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

“அப்படியானால் எச்சரிக்காமலே கொன்ற 1970களின் ஆட்டங்கள்?” என்று சிலர் கிளம்புவீர்கள். தெரியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக உருவாக்கிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கல்லறையில், வாயைத் திறந்துகொண்டிருக்கும் ஒரு பச்சை முகம் உண்டு. அந்த வாய்க்குள் நுழைந்த கதாபாத்திரம் சுவடில்லாமல் அழிந்துபோகும், தப்பிக்கப் பகடையே கிடையாது. அங்கே அது நியாயம்தான். யார் எவ்வளவு தூரம் உயிரோடு போகிறார்கள் என்பதே அந்தப் போட்டி, போனவர்களுக்கு அது தெரியும். உங்கள் மேசையும் அப்படிப்பட்டது என்றால் முதல் நாளே, ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் அரசியலும் நட்பும் பேசிவிட்டு ஒரு மாலையில் திடீரென்று பச்சை முகமாகிவிடாதீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் பாதிதான். இளகிய மனம் கொண்ட கேம் மாஸ்டர்களே, உங்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பந்து வெடித்தபின் “கைதிகள் எப்படியோ தப்பிவிட்டார்கள்” என்று சொல்கிறீர்களே, அது யாருக்கும் செய்யும் உதவி இல்லை. உள்ளே உயிரைப் பணயம் வைத்துப் பேசிக்கொண்டிருந்த என் கிளெரிக்கின் பேச்சுக்கு அப்புறம் என்ன மதிப்பு? எரிந்தது எரிந்ததுதான்.

சரி, எரிந்தபின் என்ன செய்வது? எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. யார் பார்த்தார்கள், செய்தி யாருக்கு எப்போது போய்ச் சேரும் என்று மட்டும் யோசியுங்கள். தப்பியோடிய கொள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான். புகை பக்கத்து ஊருக்குத் தெரிகிறது. இறந்தவர்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், கைதிகளை மீட்டுத் தரச் சொல்லி உங்கள் குழுவை அனுப்பியவர்களே அவர்கள்தான். குதிரைப்படை வரட்டும், ஆனால் புறப்பட்டு வரட்டும், முளைத்து வரக் கூடாது. ஒரு தாளில் வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள். செய்தி பரவப் பரவ ஒவ்வொரு துண்டாக நிரப்புங்கள், எல்லோர் கண்முன்னாலும். அந்த வட்டம் பாதி நிரம்பும்போது மேசையில் விழும் அமைதிக்கு எந்தத் தூக்குக்கயிறும் ஈடாகாது.

மரணத்துக்கும் விதிகளே விலை நிர்ணயித்திருக்கின்றன, அதற்குமேல் நீங்கள் வட்டி போட வேண்டாம். நினைவிழந்து விழுந்தவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் இருபதுமுகப் பகடை. 10 அல்லது அதற்குமேல் வந்தால் வெற்றி, மூன்று வெற்றியில் நிலைமை சீராகும், மூன்று தோல்வியில் உயிர் போகும். இறந்தவரை ‘ரெய்ஸ் டெட்’ மந்திரத்தால் எழுப்பலாம். பத்து நாளுக்குள் செய்ய வேண்டும், ஒவ்வொருவருக்கும் 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் ஒன்று தேவை. ஐந்தாம் நிலை கிளெரிக்கால் அது முடியாது, ஒன்பதாம் நிலையில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டும். எட்டு உடல்கள், எட்டு வைரங்கள், பத்து நாள். காசு பாதிக்குத்தான் இருக்கிறது என்றால் யாரை எழுப்புவது? அந்தப் பட்டியலை எழுத வேண்டியவர் யார்? மந்திரவாதிதான். ஓடிப்போகவிட்டு எங்களைத் தொங்கவிட்டதற்குப் பதிலாக இந்தக் கடனை அவர் தோளில் ஏற்றியிருந்தால், அந்தக் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கும். நானே அவருக்காக வைரம் திருடப் போயிருப்பேன்.

மற்ற ஆட்டக்காரர்களை மறந்துவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் கையை உயர்த்தினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கண் உண்டு. “அவர் விரல்களில் நெருப்பு கூடுகிறது, நீங்கள் பார்க்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். கையைத் தட்டிவிடலாம், கத்தலாம், சும்மாவும் நிற்கலாம். சும்மா நின்றவருக்கு அதன்பிறகு வரும் பழியில் பங்கு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாய்ப்பே தராமல் பங்கு கேட்டால் அது அநியாயம்.

இன்னொரு ரகம் இருக்கிறது. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கத்தியை எடுப்பவர், கேட்டால் “என் கதாபாத்திரம் அப்படித்தான்” என்பவர். இவருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவருடைய கதாபாத்திரத்தை டிராகன் விழுங்கினால் அடுத்த வாரம் அதே குணத்தோடு வேறொரு பெயரில் வந்து உட்காருவார். அலுத்துப்போயிருக்கலாம், தன்மீது கவனம் விழவில்லை என்ற ஏக்கமாக இருக்கலாம், மற்றவர்கள் விளையாடும் ஆட்டமே பிடிக்காமல் இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மனிதராக அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஏற்கெனவே எல்லோரையும் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய தாள்களைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள். ஆட்டக்காரர்களை மறுபடியும் கூப்பிடுங்கள். தண்டனை நிறைவேற இன்னும் மூன்று நாள் இருக்கிறது, சிறைக்கு வெளியே மந்திரவாதி மட்டும் இருக்கிறார் என்று தொடங்குங்கள். முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கிளெரிக்கை ஆடியவர்