நரி முகத்தில் விழிக்க வலை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் வந்தால் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் 'வங்காநரி' எனும் சிறு நரியைப் பற்றிய பேச்சு கிளம்பிவிடும். கரட்டில் வலை விரித்து நரியைப் பிடித்து, வாயைக் கட்டி, மேளதாளத்தோடு கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பது குற்றம். அபராதம் விதித்த பிறகும் ஆசை விடவில்லை.

வயலில் எலியையும் நண்டையும் தின்று நமக்குக் கூலியில்லாமல் உழைக்கிற பிராணி அது. மயில் முட்டையைத் தின்னும் நரி குறைந்ததால்தான் மயில் பெருகி வெள்ளாமையை மேய்கிறது என்று கொங்கு விவசாயிகள் புலம்புவதையும் கேட்கிறோம்.

வனத்துறையினர் பண்டிகை நாளில் ஜீப்பில் வந்து மிரட்டுவதை விட, மார்கழியிலேயே ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசலாம். மண்ணில் நரி உருவம் செய்து ஊர்வலம் விடலாமே. குயவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர், ஆத்தூர்