மலர்விழியின் வேலை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பார்வதி நலம். பேரன் ஊருக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

மலர்விழிக்குச் சென்னையில் வேலை கிடைத்த செய்தியை எழுதிய கையோடு, "படத்தொகுப்புப் படித்துவிட்டு டிரெய்லர் வெட்டப் போயிருக்கிறாள், இது வெறும் விளம்பரம்தானே" என்று குறைப்பட்டிருக்கிறாய். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எடிட்டிங் அறையிலேயே ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது கடினமான கலை. முழுப் படத்தில் எதைக் காட்டாமல் விடுவது என்று தெரிந்தவர்களால்தான் அதைச் செய்ய முடியும்.

1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் டிரெய்லரை மலரிடம் கேட்டு வாங்கிப் பார். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருட்டில் ஒரு முட்டை. அதன் ஓட்டில் விரிசல் விழுகிறது, உள்ளேயிருந்து வெளிச்சம் கசிகிறது. விளம்பரத்துக்கென்றே எடுத்த முட்டை அது. படத்தில் வரும் முட்டையின் தோற்றமே வேறு. பிறகு அபாயச் சங்கு ஊளையிடுவது போன்ற ஓர் ஒலி, விட்டுவிட்டு. அதற்கு மேல் ஓடுகிறவர்களும் திரும்பிப் பார்க்கிறவர்களும் அடுக்கடுக்காக வந்து போகிறார்கள். எதைக் கண்டு ஓடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. கடைசியில், விண்வெளியில் நீ அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருளில் ஒரே ஒரு வாசகம். கதையில் பாதியைச் சொல்லியிருந்தாலும் இந்தப் பயம் வந்திருக்காது.

அடுத்த ஆண்டு 'தி ஷைனிங்' என்ற திகில் படம் வந்தபோது வெட்டு என்பதே இல்லாமல் ஒரு டிரெய்லர் செய்தார்கள். சுமார் ஒன்றரை நிமிடம், ஒரே ஷாட், அசையாத கேமரா. ஒரு விடுதியின் லிஃப்ட் கதவுகள். திரையில் பெயர்கள் மெல்ல மேலேறுகின்றன. இசை நரம்பைச் சுரண்டிக்கொண்டே உயர்கிறது. பிறகு கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து கேமராவை நோக்கி வருகிறது. நடிகர் முகம் ஒன்றுகூட இல்லை. வெட்டாமல் காத்திருப்பதும் எடிட்டரின் முடிவுதான் என்று யாருக்காவது புரியவைக்க வேண்டுமானால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஒலியைப் பற்றி மலரிடம் நீயே பேசு. கண்ணை மூடிக்கொண்டு டிரெய்லரைக் கேட்கப் பழகச் சொல். பெரும்பாலும் படத்தின் பின்னணி இசை தயாராவதற்கு முன்பே டிரெய்லரை முடித்தாக வேண்டும். அதனால் வேறு இசையை வாங்கிப் போடுவார்கள், அந்தத் தேர்விலேயே படத்தின் முகம் மாறிவிடும். 2010இல் வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' ஃபேஸ்புக் பிறந்த கதை. வழக்கும் வக்கீலுமாக நகர்வது. அதன் டிரெய்லருக்கு ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழுவின் 'கிரீப்' பாடலை, பெல்ஜியத்துப் பெண்கள் பாடகர் குழு ஒன்று மெதுவாகப் பாடிய வடிவத்தில் வைத்தார்கள். தொடக்கத்தில் திரையில் தெரிவதெல்லாம் யார் யாரோ பதிந்த படங்களும் செய்திகளும்தான். அந்தக் குரல்கள் சேர்ந்ததும் அவை தனிமையில் தவிக்கிறவர்களின் கூட்டமாகிவிடுகின்றன. வழக்கு விவகாரம் பார்க்க எனக்கு ஆசை இருந்ததில்லை, ஆனால் அந்தப் படத்தை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது.

அதே ஆண்டு வெளியான 'இன்செப்ஷன்' படத்தின் டிரெய்லரில் பித்தளை ஊதுகருவிகள் ஒன்றுசேர்ந்து பிளிறும் ஒலி வந்தது. அதன் பிறகு எந்த ஆக்‌ஷன் டிரெய்லரைத் திறந்தாலும் அந்தப் பிளிறல்தான். அப்புறம் திரை கறுத்து ஒரு நொடி நிசப்தம், மீண்டும் ஓர் அடி. நம் ஊரிலும் இதே கதைதான். அந்த நிசப்தத்துக்கு மட்டும் இன்னும் வலு இருக்கிறது, அதற்கு முன்னால் மூச்சுவிட இடம் கொடுத்திருந்தால்.

வெளிச்சம் ஒளிப்பதிவாளர் கொடுத்தது, டிரெய்லர் வெட்டுகிறவர் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆனால் எந்த இருட்டு ஷாட்டுக்குப் பின் எந்த வெளிச்ச ஷாட் வரவேண்டும், எந்த முகத்தைப் பாதி நிழலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது.

நீ சொல்லும் "வெறும் விளம்பரம்" எங்கே நேர்கிறது என்றால், படம் ஓடாதோ என்ற பயத்தில் கதை எல்லாவற்றையும் டிரெய்லரிலேயே கொட்டிவிடும்போது. 2000இல் 'காஸ்ட் அவே' படத்தின் டிரெய்லர், தீவில் சிக்கியவன் ஊர் திரும்புவதையே காட்டிவிட்டது. எல்லாம் தெரிந்த பிறகே மக்கள் தியேட்டருக்கு வர விரும்புகிறார்கள் என்று இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் வாதாடினார். அது வியாபாரக் கணக்காகச் சரியாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு மணி நேரம் அவன் பிழைப்பானா என்று தவிக்கும் உரிமையைப் பார்வையாளனிடமிருந்து பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மலரிடம் தயாரிப்பாளர் "இன்னும் காட்டு" என்றுதான் கேட்பார். அவள் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கும். அதற்கான துணிச்சல் அவளுக்கு உண்டு என்பது உனக்குத் தெரியாதா?

எனவே அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு அவள் வரும்போது இருவரும் இங்கே வந்து நான்கு நாள் தங்குங்கள். அவள் வெட்டியது ஏதாவது வெளியாகியிருந்தால் கொண்டுவரச் சொல்; ஷாட் ஷாட்டாக உட்கார்ந்து பேசலாம். மாடியறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். உனக்குப் படி ஏற முடியாவிட்டால் கீழறை இருக்கிறது. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
சுந்தரம்