ஜெல் ஏன் உருகியது

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இனி உன் ஜெல் விஷயம். அயன் திரவத்தில், அதாவது நூறு பாகைக்குக் கீழேயே உருகும் உப்பில், செலுலோசைக் கரைத்து நீ செய்த ஜெல் 120 பாகையில் இளகி ஓடியதற்குச் செலுலோசைக் குறை சொல்லாதே. அதை இறுக்கிப் பிடித்திருந்த தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான்.

நீ எடுத்த அயன் திரவமான பியூற்றைல்மெதைல் இமிடசோலியம் குளோரைட்டில் குளோரைட்டு அயன்தான் செலுலோசின் ஐதரசன் பிணைப்புகளை அவிழ்க்கிறது. ஈரம் ஏறினால் அந்த அயனைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் திரும்பப் பிணைந்து ஜெல்லாகும். கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த தட்டு தானாக இறுகுவது இதனால்தான். சூடேற்றி ஈரத்தை விரட்டினாயோ, திரவம் பழையபடி கரைக்கத் தொடங்கும். ஆகவே ஜெல் சூட்டிலும் நிற்க வேண்டுமானால், கரைக்க ஒரு திரவம், கடைசியில் ஜெல்லுக்குள் குடியிருக்க, செலுலோசைக் கரைக்காத இன்னொன்று.

20 கிராமுக்குக் கணக்கு: குளோரைட்டு 18, நுண்பளிங்குச் செலுலோசு 1.4, சோடியம் மொன்மொரிலோனைற்று என்ற களி 0.6. களியை உலர்வாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் 60 மில்லிலீற்றர் வடித்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டுக் கலக்கி, பிறகு குளோரைட்டைச் சேர். களி திரளும், பயப்படாதே; படைகளுக்கிடையே சோடியம் வெளியேறி இமிடசோலியம் புகுகிறது. 80 பாகையில் வெற்றிடத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை நீரை எடு. நூற்றுக்கு ஒரு பங்கு நீர் மிஞ்சினாலே செலுலோசு கரைய மறுக்கும்.

செலுலோசையும் உலர்த்தி, ஐந்தாறு தடவையாக, 90 பாகையில் தூவு. ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே மாவுமாக உருண்டுவிடும். காந்தக் கலக்கி நின்றுபோகும். மேலிருந்து சுழலும் துடுப்பு வேண்டும். கபில நிறம் ஏறினால் சூடு கூடிவிட்டது, சங்கிலி அறுகிறது.

கண்ணாடியில் 1 மில்லிமீற்றர் தடிப்பில் ஊற்றி எதனோலில் இறக்கு. நேரே தண்ணீரில் இறக்கினால் மேலே தோல் கட்டி உள்ளே பொள்ளல் விழலாம். அதன்பின் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவு. கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்று விட்டாலும் கலங்காமல் நிற்கும்வரை கழுவுவதை நிறுத்தாதே. இந்த இடத்தில் அவசரப்பட்டால் மிஞ்சிய குளோரைட்டு பின்னர் சூட்டில் வேலையைக் கெடுக்கும். பிறகு அசற்றோனில் மூன்று தடவை. அதன்பின் அசற்றோனும், உள்ளே குடியிருக்கப் போகும் இரண்டாவது திரவமான எதைல்மெதைல் இமிடசோலியத்தின் என்ரிஎஃப்ரூ (NTf2) உப்பும் சரிபாதி. கடைசியில் உப்பு மட்டும். அது செலுலோசைக் கரைக்காது, ஆவியாகவும் மாட்டாது. 60 பாகையில் வெற்றிடத்தில் அசற்றோனைப் போக்கு. இதன் விலை அதிகம் என்று புளோரோபோரேற்று உப்புக்குப் போகாதே. ஈரமும் சூடும் சேர்ந்தால் ஐதரசன் புளோரைட்டு வரும், மிகவும் ஆபத்து.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் களியும் முயலலாம். மணலை நீக்கிச் சோடியம் ஏற்றிய பிறகுதான்.

நிமிடத்துக்கு 10 பாகை ஏற்றி எடுத்த, சூட்டில் எடை குறைவதைக் காட்டும் வளைகோட்டை நம்பாதே. திரவம் 400 வரை நிற்பதாகக் காட்டும். செலுலோசு 200இலேயே காற்றில் மெல்லக் கருகத் தொடங்கும். 150 பாகையில் 24 மணித்தியாலம் வைத்து, முன்னும் பின்னும் எடையைக் குறித்து அனுப்பு. களி இல்லாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வை.

அன்புடன்,
உன் மச்சான்