வீடு மறுக்கப்பட்டவரிடமே சான்று கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீடு தேடுவோருக்கு இழைக்கப்படும் பாகுபாடு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதன் வலியை அது உள்ளபடி சொல்லியிருந்தது. ஆனால், பாதிக்கப்பட்டவர்கள் உரிய அதிகாரிகளிடம் புகார் அளிக்க வேண்டும் என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிட்டது. அப்படிப் புகார் அளிக்கப் போனவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கணவரைப் பிரிந்து சிறு குழந்தையோடு தனியாக வாழத் தொடங்கிய என் தங்கைக்காக வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மதியம் தொலைபேசியில் கேட்டபோது, வீடு காலியாகத்தான் இருக்கிறது, மாலையே வந்து பார்க்கலாம் என்றார் உரிமையாளர். நேரில் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்பது. தங்கை பதில் சொன்னாள். உடனே அவர், காலையிலேயே வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாட்கள் கழித்தும் அந்த வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மனு எழுதி எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஆனால், "தர முடியாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை. இல்லை என்றோம். மனுவைப் பதிவு செய்யாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் பிறப்புக்காக, உன் மதத்துக்காக, உன் உடற்குறைக்காக, நீ தனித்து வாழும் பெண் என்பதற்காக வீடு இல்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? இப்போதுதான் முடிந்தது என்பார்கள். மகன் குடும்பம் வரப்போகிறது என்பார்கள். வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நம்பக்கூடிய காரணமே. அதே வீட்டை மறுநாள் வேறொருவர் போய்க் கேட்டு, அவருக்குச் சாவி எடுத்துக் காட்டப்படும்போதுதான் முந்தைய நாள் சொன்னது பொய் என்பது வெளிப்படுகிறது. அந்த மறுநாள் காட்சியைத் திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருபோதும் பார்க்க முடியாது. அதைப் பார்க்கக்கூடியவை அதிகாரம் கொண்ட அமைப்புகள்தாம்.

இது நடக்கக்கூடியதுதான். அமெரிக்காவில் வருமானம், வேலை, குடும்ப அளவு எல்லாம் ஒத்திருந்து, இனம் போன்ற ஒன்றில் மட்டும் வேறுபடும் இருவரை ஒருவர் பின் ஒருவராக ஒரே வீட்டுக்கு அனுப்பி, இருவருக்கும் சொல்லப்பட்டதை ஒப்பிட்டுப் பதிவு செய்யும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அவ்வாறு அனுப்பப்பட்டவருக்கு அங்கே குடியேறும் எண்ணமே இல்லாவிட்டாலும், இனத்தைக் காரணமாக வைத்து அவரிடம் பொய் சொல்லப்பட்டிருந்தால் அவரே வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. மறுக்கப்பட்டவர் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்த சான்றுச் சுமையை இந்த முறை ஓரளவு இறக்கி வைக்கிறது.

சட்டங்களும் ஒரே நாளில் முழுமையாகிவிடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் முதலில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றை மட்டுமே குறிப்பிட்டது. பால் பாகுபாடு 1974-இலும், உடற்குறையும் குழந்தைகளோடு வாழும் குடும்பநிலையும் 1988-இலும்தான் சேர்க்கப்பட்டன. என் தங்கையைப் போலக் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பிரிட்டனில் 1965-ஆம் ஆண்டின் முதல் இன உறவுச் சட்டம் வீடு தர மறுப்பதைப் பொதுவாகத் தடை செய்யவில்லை; 1968-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. இந்திய அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு வாடகைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. புகாரை வாங்கும் மேசையில் இருப்பவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே?

வாடகை தரும் வசதி இருக்கிறதா, முன்பு குடியிருந்த வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டாரா என்று கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்விகளை எங்களிடமும் கேட்டிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்லியிருப்போம்.

புகார் அளிக்க எண்ணுவோருக்கு, நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டதைச் சொல்ல விரும்புகிறேன். நடந்ததை அன்றிரவே எழுதி வைத்துவிடுங்கள். நாள், நேரம், பேசியவர் யார், அவர் சொன்ன சொற்கள் எவை என்பனவற்றை மெருகேற்றாமல் அப்படியே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும்போது கோபம் மட்டும் மிஞ்சியிருக்கும், சொற்கள் போயிருக்கும். பலகையையும் விளம்பரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; தரகர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள்; அழைப்புப் பட்டியலைக் காப்பாற்றுங்கள். மதியம் காலி என்று சொன்னவர் மாலையில் காலையிலேயே முடிந்துவிட்டது என்கிறார் என்றால், அந்த முரண்பாடே ஒரு சான்று. எங்களிடம் அது இருந்தது. அதைச் சான்றாக முன்வைக்கத்தான் தெரியவில்லை. காலக்கெடுவையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுவசதித் துறையிடம் புகார் அளிக்க ஓராண்டும், நீதிமன்றம் செல்ல ஈராண்டும் அவகாசம் உண்டு. இங்கிலாந்தில் நீதிமன்றத்தை நாடப் பொதுவாக ஆறு மாதங்கள்தாம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். இது எங்கள் வேலை இல்லை என்று சொன்னால், யாருடைய வேலை என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது, மனுவை முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு சான்றைத் தேடுங்கள் என்பதே. நாங்கள் மனுவோடு போன அன்றே ஒரே ஒருவர் வந்து அந்தப் பலகையைப் பார்த்திருந்தால் போதும். புகார் கொடுத்தவரின் பெயர் தரகர்களின் காதுக்குப் போனால் அடுத்த வீடும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. எனவே விசாரணையின் தொடக்கத்தில் பெயரைக் காப்பது பற்றியும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கட்டுரை வரும்போது, புகாரை எந்த அலுவலகத்தில், எத்தனை நாட்களுக்குள், எந்தெந்த விவரங்களோடு கொடுக்க வேண்டும் என்பதையும் அதன் அருகிலேயே ஒரு கட்டத்தில் அச்சிடுங்கள். என் தங்கை அன்று அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் கொண்டு போயிருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்