ஊருக்குச் சேதி சொல்ல ஓர் ஏற்பாடு செய்து தரக் கோரி நான்காவது முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்
கிழக்குத் தெரு, மேட்டுத் தெரு, காலனிப் பொதுமக்கள்,
பெண்ணையாற்றுத் தென்கரை,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) மற்றும் ஊராட்சித் தனி அலுவலர் அவர்கள்.

நாள்: 13.10.2025

பொருள்: ஊராட்சி அறிவிப்புகளும் வெள்ள எச்சரிக்கையும் தெருவரைக்கும் வந்து சேர ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. நேரில் அளித்த எங்கள் மனு, நாள் 10.02.2025. 2. மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த மனு, நாள் 23.06.2025. 3. பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, நாள் 18.08.2025 (ஒப்புகை அட்டை எங்களிடம் உள்ளது).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வரும் ஒற்றைத் தார் ரோட்டில் தாங்களே இரண்டு முறை வந்திருக்கிறீர்கள். மேட்டுத் தெரு பேருக்குத்தான் மேடு என்பதையும் பார்த்திருப்பீர்கள். மனுவை எழுதுகிறவள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். கையெழுத்து என்னுடையது, குறை மூன்று தெருவுக்கும் உரியது. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் தாங்கள்தான். மூன்றாவதற்கு அட்டை மட்டும் திரும்பி வந்தது. ஆகவே கீழ்க்காணும் குறைகளை மறுபடியும் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலராகிய தங்களிடம் வந்தது. அவர்கள் இருந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் வார்டு உறுப்பினர் வீடு தெருவிலேயே இருந்தது, கதவைத் தட்டிக் கேட்கலாம். மோட்டார் எரிந்துவிட்டது, நாலு நாளைக்குத் தண்ணீர் வராது என்பதைத் திட்டு வாங்கிக்கொண்டாவது சொல்லிவிட்டுப் போவார். இப்போது யார் கதவைத் தட்டுவது? ஊராட்சிச் செயலருக்கு இரண்டு ஊராட்சி. தண்ணீர் திறந்துவிடுகிறவர் டேங்குக்குப் பக்கத்துத் தெருவில் சொல்வதோடு சரி. அது மூன்றாவது தெருவுக்கு வந்து சேரும்போது "நாலு நாள்" என்பது "நாளைக்கு" என்று மாறியிருக்கும்.

2. அறிவிப்புப் பலகை. இருக்கிறது அய்யா, இல்லை என்று சொல்லவில்லை. ஊராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில், கம்பிக் கதவுக்கு உள்ளே, பக்கச் சுவரைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறது. கதவுக்குப் பூட்டு, சாவி செயலரிடம். கம்பிக்கு இடையே முகத்தை வைத்து, கழுத்தைத் திருப்பினால் ஒரு தாள் தெரியும். அது 2024 நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குச்சாவடி அறிவிப்பு. ஓரமெல்லாம் கரையான்.

3. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். ஏழு நாளுக்கு முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்த விதி. இந்த அக்டோபர் 2 விஜயதசமி. பண்டிகை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எங்கள் குழுப் பெண்கள் பதினேழு பேர் காலை பத்தரைக்கே போய் அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனோம். பன்னிரண்டரை வரை பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கமாக மாடு ஓட்டிப் போனவர்தான், "கூட்டம் பதினொண்ணாந் தேதிக்குத் தள்ளிப் போச்சாமே, தெரியாதா?" என்றார். அவருக்கும் நேரம் தெரியவில்லை.

நேற்று முன்தினம், 11-ஆம் தேதி சனிக்கிழமை, முதலமைச்சர் காணொலியில் கிராம சபைகளோடு பேசுவதை டி.வி.யில் பார்த்தபோதுதான் எங்கள் ஊரிலும் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்டிக் நாற்காலிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு மிக முக்கியமான மூன்று தேவைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கூட்டமாம் அது. எங்கள் ஊருக்கு எந்த மூன்று தேவைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பது ஊரில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது. தீர்மான நோட்டைக் காட்டச் சொன்னோம். "திங்கட்கிழமை வாங்கம்மா" என்றார்கள். இன்று திங்கட்கிழமை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். கதவு பூட்டியிருக்கிறது.

4. முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். ஒரு தெருவில் பிறந்தவர் மட்டுமே அதைச் சுமக்க வேண்டும் என்றிருந்த வழக்கம் அது. சேதி சொல்ல வந்த மனுஷனை நிழலில் நிற்கக்கூட விடாத ஊர்தான் இது. அந்த வழக்கம் வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று 2022 ஆகஸ்டில் அரசு சொன்னபோது எங்களில் பலர் சந்தோஷப்பட்டோம். பறை போனது நல்லது. ஆனால் வண்டி எங்கே? மூன்று வருஷமாகக் கட்சிக் கூட்டத்துக்கும் சினிமாவுக்கும் நிலம் விற்கிறவர்களுக்கும் மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வருகிறது. ஊராட்சிச் சேதியோடு ஒரு நாளும் வந்ததில்லை.

5. இந்த மனுவை எழுதுவதற்குக் காரணமே இனி சொல்லப்போவதுதான். பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது. மறுநாள் ஞாயிறு முழுக்க மழை. கரண்ட் இல்லை, டி.வி. இல்லை, போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. புயல் எங்களுக்குப் புதிதில்லை அய்யா. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர்க்காரர்கள் பிள்ளைகளின் வயதையே அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். காற்று போய்விட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்தோம். டிசம்பர் 2 திங்கட்கிழமை மழை குறைந்திருந்தது. நனைந்த பாயையும் துணியையும் வேலியில் காயப்போட்டோம்.

அன்று விடியற்காலையிலேயே திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் பெண்ணையாற்றின் மேல் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்திருந்தார்கள் என்பதை நாங்கள் பிறகு பேப்பரில் படித்தோம். அணையில் திறந்த தண்ணீர் திருக்கோவிலூரைத் தாண்டி, விழுப்புரம் பக்கத்து ஊர்களை மூழ்கடித்துவிட்டு எங்களிடம் வர எத்தனை மணி நேரம் ஆகும்? தங்கள் அலுவலகத்துப் பொறியாளரைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். அத்தனை மணி நேரமும் நாங்கள் துணி காயவைத்துக்கொண்டிருந்தோம்.

எச்சரிக்கை கொடுத்தோம் என்றார்கள். கொடுத்திருப்பார்கள், மறுக்கவில்லை. அது எந்த வாசலோடு நின்றது என்பதுதான் எங்கள் கேள்வி. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் ஆட்டோவில் மைக் கட்டி, "ஆத்துல தண்ணி வருது, மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டுங்க" என்று மூன்று சுற்று சொல்லிவிட்டுப் போனாராம். அங்கே ஒரு கன்றுக்குட்டிகூடப் போகவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர்தான் வந்து சொன்னது. கொல்லைப்புறமாக வந்தது. முதலில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு திரும்பியது, பிறகு அடுப்படி, பிறகு கட்டில் கால். இருட்டுகிற நேரம். என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவரைக் கட்டிலோடு தூக்கப் பார்த்து முடியாமல், புடவையில் ஏணை கட்டி நாலு பேர் சுமந்து பள்ளிக்கூடத்து மாடிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்தால் கொட்டகையில் கழுத்தளவு தண்ணீர். கயிற்றை அவிழ்க்க என் வீட்டுக்காரர் இறங்கினார், முடிச்சு நனைந்து இறுகிப் போயிருந்தது. அரிவாளைத் தேடினால் அது எந்த மூலையில் மிதக்கிறதோ. சினை மாடு. தையில் கன்று போட வேண்டியது.

மேட்டுத் தெருவில் இரண்டு மாடு, காலனியில் ஒன்பது ஆடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகம், எங்கள் குழுவின் பன்னிரண்டு வருஷக் கணக்கு நோட்டுகள், ஆதார் அட்டை, பட்டா, கல்யாணப் போட்டோ எல்லாம் சேறு. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்தும் சுவரில் கோடு அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். என் தோள் உயரம்.

குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், நன்றி. இந்த மனுவில் நாங்கள் பணம் கேட்கவில்லை. மாட்டுக்கு விலை கேட்கவில்லை. கரையை உயர்த்துங்கள் என்றுகூட இதில் கேட்கவில்லை, அதற்குத் தனி மனு நீர்வளத் துறைக்குப் போயிருக்கிறது. ஒரு சேதி கேட்கிறோம் அய்யா. தண்ணீர் வருகிறது என்ற ஒரே ஒரு சேதி. மூன்று மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் கயிற்றை அவிழ்த்திருப்போமே. அதற்கு என்ன செலவு? ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு தொண்டை.

6. வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் போடுகிறோமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்தக் குழுவைத் தொடங்கியவர் பழைய வார்டு உறுப்பினர். அவர் போன் நம்பரை மாற்றிவிட்டார். இப்போது அதில் காலை வணக்கமும் பிளாட் விளம்பரமும்தான் வருகின்றன.

7. மாநகராட்சியோடு எங்கள் ஊரைச் சேர்க்கப் போகிறார்கள், நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று டீக்கடையில் ஒரு கட்சி. அப்படி எதுவும் இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிறார்கள். உண்மை எது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன அய்யா? ஊர் வாயை ஊராட்சி மூடாவிட்டால் வேறு யார் மூடுவது?

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும். தாங்கள் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியவர், எங்கள் ஒரு ஊருக்காக மட்டும் வரவில்லை என்பது தெரியும். அதனால்தான் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறோம்.

ரேஷன் கடைச் சுவரில், பிள்ளையார் கோயில் எதிரில், காலனி தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் என மூன்று இடத்தில் சிமெண்ட் பூசிக் கருப்பு அடித்துத் தாருங்கள். சாக்பீஸ் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். எழுதுவதும் நாங்களே, குழுவில் முறை போட்டு எழுதுவோம். தங்கள் அலுவலகத்திலிருந்து எங்களில் யாராவது மூன்று பேருக்குப் போன் செய்து சேதி சொன்னால் போதும்.

மாரியம்மன் கோயிலில் மைக் செட் இருக்கிறது. தர்மகர்த்தாவிடம் பேசிவிட்டோம், தரச் சம்மதம். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி மட்டும் ஊராட்சி நிதியில் வேண்டும். ஆடிக் கூழுக்கு அலறுகிற மைக் ஆற்று வெள்ளத்துக்கு ஊமையாக இருக்கக் கூடாது. அந்தக் குழாயில் ஒன்றைக் காலனிப் பக்கமும் திருப்பிக் கட்டச் சொல்லித் தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் சிலர் கேட்கமாட்டார்கள், காரணம் தங்களுக்கே தெரியும்.

ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு நம்பர் வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 எங்களுக்குத் தெரியும், அது மாவட்டம் முழுமைக்கும் ஆனது. மேட்டுத் தெரு எது, கிழக்குத் தெரு எது என்று தெரிந்த ஒரு ஆளின் நம்பர் கேட்கிறோம்.

நவம்பர் 1 கிராம சபைக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. நடக்கிறதா, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை 24-ஆம் தேதிக்குள் ஊருக்குச் சொல்ல வேண்டும். தள்ளிப்போனால் அதையும் சொல்ல வேண்டும். 11-ஆம் தேதி எழுதிய மூன்று தேவைகளும் என்னென்ன என்று அந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும்.

ஐப்பசி பிறக்க ஐந்து நாள் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை எங்கள் மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காது. இந்த வருஷமும் அணை திறக்கட்டும், ஆறு வரட்டும், அது ஆற்றின் வேலை. எங்களுக்கு முன்கூட்டிச் சொல்வது தங்கள் வேலை. மறுபடியும் கேட்கிறோம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம், சேதி சொல்ல ஏற்பாடு செய்யுங்கள் அய்யா.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு, மேட்டுத் தெரு, காலனிப் பொதுமக்கள்

(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், ஒப்புகை அட்டையின் நகல், சுவரில் வெள்ளக் கோட்டின் போட்டோ.

பின்குறிப்பு: இந்த மனுவுக்கான பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் எங்களுக்குத் தெரியாது.