புது மன்றத்துக்கு ஒரு மடல்: ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வார்டு பார்த்துத் தூர் வார வேண்டாம்

நம் செட்டிநாட்டுப் பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு, ஜெயித்த கட்சி, தோற்ற கட்சி, சுயேச்சை எல்லாருக்கும்,

வணக்கம். இது 2022 ஏப்ரல். உள்ளாட்சித் தேர்தலின் மாலை, சால்வை, வேட்டுச் சத்தம் எல்லாம் ஓய்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்ச் 4 காலையில் தலைவரையும் மதியத்துக்கு மேல் துணைத்தலைவரையும் தேர்ந்தெடுத்தீர்கள். அதற்கு முன்னால் சில உறுப்பினர்கள் வேனில் ஏறி எங்கோ சாமி கும்பிடப் போனதாகப் பேச்சு. எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை. 2011இல் அப்போதிருந்த 10 மாநகராட்சிகளையும் அதிமுக பிடித்தது. இந்த 2022 பிப்ரவரியில் 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்குப் போயின. நம் ஊரும் அந்தக் காற்றோடு போய்க் கைமாறியிருக்கிறது. மக்கள் போட்ட ஓட்டு, அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

என் கவலை வேறு. மாநகராட்சி மாதிரி இல்லை பேரூராட்சி. ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டுதான். எந்த வீடு எந்தப் பக்கம் போட்டது என்று வேட்பாளர் தெருவில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். அதனால்தான் டீக்கடையில் இப்போதே இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "அந்தத் தெரு அவுங்களுக்குத்தானே போட்டுச்சு, அவுங்களே வந்து செய்யட்டும்." பேசியவர் உறுப்பினர் இல்லை, உறுப்பினருக்கு வேண்டியவர். அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு ஊரில் இப்படிப் பழிவாங்கினால் ஒரு தெருவுக்கு விளக்கு எரியாது, அதோடு போகும். செட்டிநாட்டில் அப்படி முடியாது. இங்கே ஊரைக் கட்டியவர்கள் நீரோட்டம் பார்த்துக் கட்டினார்கள். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள் இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தரைக்கடியில் ஓடி, தெருக்கால்வாயில் சேர்ந்து, வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் மறுகால் அடுத்த ஊருணிக்கு, அப்புறம் கண்மாய்க்கு. குடிக்க ஒரு ஊருணி, குளிக்க ஒரு ஊருணி என்று பிரித்து வைத்த ஊர்கள் இவை. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது மாளிகைகளின் படம்தான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. என்னைக் கேட்டால், மாளிகையைவிடப் பெரிய வேலை இந்தத் தண்ணீர்க் கணக்குதான்.

இப்போது வார்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஊருணி ஒரு வார்டில் இருக்கிறது. அதற்கு வரும் வரத்துக்கால் வேறு இரண்டு மூன்று வார்டைத் தாண்டித்தான் வருகிறது. மேட்டில் உள்ள வார்டு தோற்ற கட்சியுடையது என்று அங்கே தூர் வாராமல் விட்டால், காய்வது பள்ளத்தில் இருக்கும் உங்கள் வார்டு ஊருணிதான். கோயிலைச் சுற்றிய தெருவில் பேவர் பிளாக் போட்டுத் தரையை உயர்த்தியபோது பாலத்துக் குழாய் வாயை யாரும் பார்க்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் இப்போது வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறது. அதற்கு மேலே சீமைக்கருவேலம். அதற்கும் மேலே, சொல்லவே கூசுகிறது, கழிவுநீர்த் தொட்டியின் குழாயைக் கால்வாயில் திருப்பிவிட்ட வீடுகள். இரண்டு கட்சியிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

இதையெல்லாம் கேட்க இத்தனை நாள் ஆளே இல்லை. 2011இல் வந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. மனுவை வாங்கி ரசீது தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி "அண்ணே, குழாயில சாக்கடை வருது" என்று சொல்ல ஒரு கதவு வேண்டுமே. அந்தக் கதவு இப்போது வந்திருக்கிறது. யாருடைய ஓட்டு என்று பார்த்து அதைத் திறக்க வேண்டாம்.

இந்த மாதம் சொத்துவரியும் வந்துவிட்டது. ஏப்ரல் 1 அறிவிப்பின்படி நம் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம் கூடுதல், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். சென்னையில் 1,800 அடி என்றால் பெரிய வீடு. இங்கே ஒரு வீட்டின் முகப்பும் வளவுமே அதைத் தாண்டிவிடும். பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, ஆகவே அவர்களைப் பார்த்து எந்த உறுப்பினரும் பயப்படுவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. கேட்புச் சீட்டு மட்டும் போகும். பத்துப் பங்காளியில் யார் கட்டுவது என்று அது ஒரு வருடம் சுற்றும். அந்தச் சீட்டோடு ஒரு தாளும் அனுப்புங்கள்: போன வருடம் இவ்வளவு வசூல், ஊருணிக்கு இவ்வளவு செலவு, இந்த வருடம் இந்தக் கால்வாய். இங்குள்ள ஊருணிகளில் பல அவர்கள் பாட்டையா காலத்துப் பணத்தில் வெட்டியவை. கணக்கைக் காட்டினால் கட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். சிலர் மேலேயும் கொடுப்பார்கள்.

மன்றக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று. கூட்டப் பொருளைப் படித்து முடிக்குமுன் "ஆல் பாஸ்" சொல்கிற பழக்கம் எந்தக் கட்சி வந்தாலும் மாறுவதில்லை. எதிர்ப்பக்க உறுப்பினர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். அவரும் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கட்டும், வெளிநடப்பு செய்து போட்டோ எடுத்தால் கால்வாய் அடைப்பு போகாது. பாதி இடம் பெண்களுக்கு. அந்த அக்காமார்களே நாற்காலியில் உட்கார்ந்து பேசட்டும். வீட்டுக்காரர்கள் வெளியே டீ குடிக்கலாம். முந்தைய நிர்வாகம் டெண்டர் விட்ட வேலையை, கல்வெட்டில் யார் பேர் வரும் என்று யோசித்து நிறுத்திவைக்காதீர்கள். வேலை பாதியில் நின்ற கால்வாயில்தான் போன மழையில் ஒரு பசுமாடு விழுந்தது.

சித்திரை வெயில் ஏறிவிட்டது. ஊருணிகளில் தரை தெரிகிறது. தூர் வார இதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆடிக்குள் முடித்தால் ஐப்பசி மழைக்கு வழி தயார். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கி வருவது. அதற்கு இந்த வேலை பொருந்துமா என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, இரண்டு கட்சி உறுப்பினர்களும் அவரும் சேர்ந்து வரத்துக்கால் தொடங்கும் மேட்டிலிருந்து ஊருணிப் படித்துறை வரை நடந்து வாருங்கள். அடைப்பு இருக்கிற இடமெல்லாம் எனக்குத் தெரியும். நான் முன்னால் போய்க் காட்டுகிறேன். தேதியை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
பள்ளத்து வார்டு வாக்காளன்